வாக்குச்சீட்டைத் திருப்பிப் பாருங்கள்

அமெரிக்க செனட் தேர்தலில், பென்சில்வேனியாவில் ஃபெட்டர்மன் கரையேறுவாரா, ஜார்ஜியாவில் வார்னாக் தாக்குப்பிடிப்பாரா என்று எங்கள் வாட்ஸ்அப் குழுவில் நள்ளிரவு தாண்டியும் வாக்குவாதம் ஓய்வதில்லை. நாங்கள் குடியிருப்பது மிச்சிகனில், ஓக்லண்ட் கவுன்டியில், நோவை நகரத்தில். பென்சில்வேனியாவிலும் ஜார்ஜியாவிலும் எங்களில் ஒருவருக்குக்கூட ஓட்டு இல்லை. அது மட்டுமல்ல, மிச்சிகனில் இந்த 2022இல் அமெரிக்க செனட் தேர்தலே கிடையாது. இல்லாத ஓட்டுக்கு இத்தனை ஆவேசம். இருக்கிற ஓட்டைப் பற்றிக் கேட்டால், "அதெல்லாம் லோக்கல் சமாச்சாரம், மேலே ஒரு குறி போட்டால் முடிந்தது" என்கிறார் ஒரு நண்பர். அந்தக் குழுவில் எழுதினால் யாரும் படிக்க மாட்டார்கள் என்பதால் இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வரும் செவ்வாய்க்கிழமை, 2022 நவம்பர் 8, தேர்தல். இரண்டு அதிபர் தேர்தல்களுக்கு நடுவில் வருவதால் டெல்லி, சென்னைத் தொலைக்காட்சிகள்கூட இதை பைடனுக்கான மதிப்பெண் பட்டியல் என்பதுபோலப் பேசுகின்றன. எங்கள் மாநிலத் தலைநகரான லான்சிங்கின் கணக்கு வேறு. மிச்சிகன் ஆளுநரை நான்கு ஆண்டுக்கு ஒருமுறை இந்தத் தேர்தலில்தான் தேர்ந்தெடுக்கிறோம். அட்டர்னி ஜெனரலும் மாநிலச் செயலரும் அப்படியே. ஓட்டுநர் உரிமத்துக்காக நாம் போய் வரிசையில் நிற்கிறோமே, அந்த அலுவலகத்துக்குத் தலைமை வகிக்கும் அதே மாநிலச் செயலர்தான் இங்கே தேர்தலையும் நடத்துகிறார். மாநிலச் சட்டமன்றத்தின் மேலவையான செனட்டின் 38 இடங்களும் மொத்தமாக இப்போதுதான் தேர்தலுக்கு வருகின்றன. அதிபர் தேர்தல் ஆண்டில் ஒன்றுகூட வராது. அதிபரைத் தேர்ந்தெடுக்க மட்டும் குடும்பத்தோடு போய் ஓட்டுப் போட்டுவிட்டு, சட்டையில் ஒட்டிய ஸ்டிக்கரோடு படம் போடுகிறவர்கள், தங்கள் மாநில செனட்டரைத் தேர்ந்தெடுப்பதில் பங்கே எடுத்ததில்லை என்று பொருள்.

இதனால் என்ன குடி முழுகிவிடும் என்று கேட்கலாம். 2010இல் முழுகியது. அதுவும் இதே போன்ற இடைக்காலத் தேர்தல் ஆண்டுதான். அந்த நவம்பரில் குடியரசுக் கட்சியின் ரிக் ஸ்னைடர் ஆளுநரானார், ஏற்கெனவே மேலவையை வைத்திருந்த அவர் கட்சியிடம் கீழவையும் போனது. மறு ஆண்டே இரண்டு வேலைகள் நடந்தன. ஒன்று, அடுத்த பத்தாண்டுக்கான தொகுதி எல்லைகளை வரைந்தார்கள். இன்னொன்று, நெருக்கடி நிலை மேலாளர் சட்டம். ஒரு நகரத்தின் கஜானா காலியானால் ஆளுநர் ஒருவரை நியமிப்பார். மக்கள் தேர்ந்தெடுத்த மேயரும் கவுன்சிலும் பெயருக்கு இருக்க, எல்லா முடிவும் அந்த ஒருவர் கையில். 2012 நவம்பரில் மக்கள் நேரடி வாக்கெடுப்பில் அந்தச் சட்டத்தைத் தூக்கி எறிந்தார்கள். தோற்ற சட்டம் டிசம்பரிலேயே வேறு எண்ணோடு திரும்பி வந்தது. பதவிக்காலம் முடியப்போகிற அவை, சில வாரங்களில் கிட்டத்தட்ட அதையே மறுபடி நிறைவேற்றியது. இந்த முறை உள்ளே ஒரு நிதி ஒதுக்கீட்டுப் பிரிவையும் சேர்த்துவிட்டார்கள். நிதி ஒதுக்கும் சட்டத்தின் மீது மக்கள் வாக்கெடுப்பு கோர முடியாது என்பது மிச்சிகன் அரசியல் சாசனத்தின் விதி. எவ்வளவு கெட்டிக்காரத்தனம் பாருங்கள்.

2014 ஏப்ரலில், அப்படி நியமிக்கப்பட்ட ஒரு மேலாளரின் நிர்வாகத்தில், ஏறக்குறைய ஒரு லட்சம் பேர் வாழும் ஃபிளின்ட் நகரம் டெட்ராய்ட் தண்ணீரை விட்டு ஃபிளின்ட் ஆற்றுத் தண்ணீருக்கு மாறியது. செலவு குறையும் என்பதுதான் காரணம். குழாய் அரிக்காமல் இருக்கச் சேர்க்க வேண்டிய மருந்தைச் சேர்க்கவில்லை. பழைய குழாய்களின் ஈயம் கரைந்து குழந்தைகளின் ரத்தத்தில் கலந்தது. நம்மில் பாதிப் பேர் கார் தொழிலில் இருப்பவர்கள் என்பதால் இதையும் சொல்கிறேன். அதே ஆண்டு அக்டோபரில், இந்தத் தண்ணீர் பட்டால் என்ஜின் பாகங்கள் துருப்பிடிக்கின்றன என்று ஜெனரல் மோட்டார்ஸ் தன் ஃபிளின்ட் ஆலைக்கு வேறு தண்ணீர் வாங்கிக்கொண்டது. இரும்புக்கு ஆகாத தண்ணீரை அதன் பிறகும் ஓராண்டு ஊர் குடித்தது. கேள்வி கேட்க அங்கே மேயர் இருந்தார், கவுன்சில் இருந்தது, அதிகாரம் மட்டும் இல்லை. ஃபிளின்ட் பெரும்பாலும் கறுப்பின மக்கள் வாழும் ஏழை நகரம். நோவையிலிருந்து காரில் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம்.

தொகுதி எல்லைகள் சங்கதி இன்னும் வேடிக்கை. டெட்ராய்ட்டைச் சுற்றியுள்ள நான்கு கவுன்டிகளின் ஜனநாயகக் கட்சிக் 'குப்பையை' நாலே தொகுதிகளுக்குள் அடைத்துவிடலாம் என்று குடியரசுக் கட்சி ஊழியர் ஒருவர் எழுதிய மின்னஞ்சல், பிற்பாடு வழக்கில் வெளியே வந்தது. அந்த நான்கில் எங்கள் ஓக்லண்டும் ஒன்று. அதாவது குப்பை நாங்கள்தான். 2018இல் மாநிலக் கீழவைக்கு ஜனநாயகக் கட்சிக்கு அதிக ஓட்டு விழுந்தது. இடங்களோ குடியரசுக் கட்சிக்கு 58, ஜனநாயகக் கட்சிக்கு 52. மேலவை 1984 முதல் ஒரே கட்சியின் கையில் இருக்கிறது. எனக்கு ஓட்டுரிமை வந்த நாளிலிருந்து நான் பார்த்த லான்சிங் இதுதான்.

இதை மாற்றியது கட்சியல்ல, ஒரு முகநூல் பதிவு. 2016 தேர்தல் முடிந்த கையோடு கேட்டி ஃபேஹி என்ற இருபத்தேழு வயதுப் பெண், இந்தத் தொகுதித் தில்லுமுல்லை ஒழிக்க நினைக்கிறேன், யாராவது சேர்ந்துகொள்கிறீர்களா என்று எழுதினார், கடைசியில் ஒரு சிரிப்புக் குறியோடு. அரசியல் அனுபவம் எதுவும் இல்லாதவர். தன்னார்வலர்கள் நாலு லட்சத்துக்கும் மேல் கையெழுத்து திரட்டினார்கள். 2018 இடைக்காலத் தேர்தலில் 61 விழுக்காட்டினர் ஆதரித்து அது அரசியல் சாசனத்தில் ஏறியது. இப்போது எல்லைகளை வரைவது 13 குடிமக்கள் கொண்ட ஆணையம்: இரு கட்சிகளுக்கும் நாலு நாலு பேர், கட்சி சாராதவர் ஐந்து பேர், எல்லோரும் விண்ணப்பித்தவர்களிலிருந்து குலுக்கலில் எடுக்கப்பட்டவர்கள். அவர்கள் வரைந்த எல்லைகளில் நடக்கும் முதல் தேர்தல் இது. ஆணையத்தைக் கோயில் கட்டிக் கும்பிட வேண்டியதில்லை. டெட்ராய்ட்டைக் கீற்றுக் கீற்றாக வெட்டிப் புறநகரோடு ஒட்டிவிட்டார்கள், கறுப்பின வாக்காளர்களின் பலம் கரைந்துவிட்டது என்று அந்த ஊர்க்காரர்கள் வழக்குப் போட்டிருக்கிறார்கள். எனக்கு அந்தக் கோபம் நியாயமாகவே படுகிறது. ஆனாலும், எந்தப் பக்கம் சாயும் என்று முன்கூட்டியே சொல்ல முடியாத மேலவைத் தேர்தல் என்பதே இந்த மாநிலத்துக்குப் புதிது.

இப்போது நண்பரின் ஒற்றைக் குறிக்கு வருகிறேன். தபாலில் வந்த என் வாக்குச்சீட்டு உணவு மேசையில் ஊறுகாய் பாட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு வாரம் கிடந்தது. நீளமான கெட்டித் தாள், இரண்டு பக்கமும் அச்சு. உச்சியில் கட்சிப் பெயர்கள். ஒன்றுக்கு எதிரே உள்ள முட்டை வடிவத்தைக் கறுப்பாக்கினால் அந்தக் கட்சியின் வேட்பாளர் அனைவருக்கும் ஓட்டு விழுந்துவிடும். மாநிலச் சட்டமன்றம் ஒழித்த இந்த வசதியை 2018இல் மக்களே ஓட்டுப்போட்டு மீட்டார்கள், அதில் எனக்குக் குறையில்லை. ஆனால் அந்தக் குறி கட்சிப் பகுதியோடு நின்றுவிடும். நீதிபதிகள், பள்ளி வாரியம், மக்கள் நேரடியாக ஆம், இல்லை என்று முடிவுசெய்யும் மாநில முன்மொழிவுகள், கவுன்டி வரி, இவை எதையும் அது தொடாது. அவற்றில் பெரும்பகுதி தாளின் மறுபக்கம். ஒற்றைக் குறிக்காரர் அத்தனையையும் வெற்றாக விட்டுவிட்டு உறையை ஒட்டுகிறார்.

அங்கேதான் மிச்சிகன் உச்ச நீதிமன்றம் இருக்கிறது. ஏழு நீதிபதிகள், இந்த முறை இரண்டு இடம், ஐந்து வேட்பாளர்கள். இவர்களைக் கட்சி மாநாடுகளில்தான் தேர்ந்து நிறுத்துகிறார்கள், ஆனால் வாக்குச்சீட்டில் கட்சிப் பெயர் இருக்காது. யாருடைய யோசனையோ, அபாரம். இந்த நீதிமன்றம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு இந்த ஆகஸ்டில் நடந்ததைச் சொல்கிறேன். கருக்கலைப்பு உரிமையை மாநில சாசனத்தில் சேர்க்கக் கோரி ஏழு லட்சத்துக்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்ட மனுவை, தேர்தல் சரிபார்ப்பு வாரியத்தின் நால்வர் பரிசீலித்தார்கள். கட்சிக்கு இருவர். மனுவின் அச்சில் சில சொற்களுக்கு நடுவே இடைவெளி சரியாக விழவில்லை என்று இருவர் மறுக்க, இரண்டுக்கு இரண்டு என்று முட்டி நின்றது. இடைவெளி! உச்ச நீதிமன்றம் தலையிட்டு ஐந்துக்கு இரண்டு என்ற கணக்கில் அதை மக்கள் முன் வைக்க உத்தரவிட்டது. அனுமதித்த பக்கம் இருந்த பெர்ன்ஸ்டைனும் மறுத்த பக்கம் இருந்த ஸாராவும் இப்போது அந்தத் தாளின் பின்பக்கத்தில் நம் குறிக்காகக் காத்திருக்கிறார்கள்.

அந்த மனுதான் முன்மொழிவு 3. நான் 'ஆம்' என்று குறித்தேன். நாடு முழுதும் கருக்கலைப்பு உரிமை தந்த ரோ தீர்ப்பை அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஜூனில் ரத்து செய்த பிறகு, மிச்சிகனின் 1931ஆம் ஆண்டுக் கருக்கலைப்புத் தடைச் சட்டம் உயிர்பெறாமல் இருப்பது நீதிமன்ற உத்தரவுகளால்தான். நம் கூட்டங்களில் இதை யாரும் பேசுவதில்லை, ஏதோ வெள்ளைக்காரர்களின் தேவாலயச் சண்டை என்பதுபோல. 2012இல் அயர்லாந்தில் மருத்துவமனைப் படுக்கையில், கருச்சிதைவு உறுதியான பிறகும் கலைக்க மறுக்கப்பட்டு இறந்துபோன சவிதா ஹலப்பனாவர் கர்நாடகத்துப் பெண்.

முன்மொழிவு 2 முன்கூட்டியே ஓட்டுப்போட ஒன்பது நாள் தருகிறது, யோசிக்க ஒன்றுமில்லை. முன்மொழிவு 1 எனக்குச் சங்கடம். சட்டமன்ற உறுப்பினர்கள் தங்கள் வரவு, சொத்து விவரங்களை வெளியிட வேண்டிய கட்டாயமே இல்லாத இரண்டே மாநிலங்களில் மிச்சிகன் ஒன்று. அதற்கு ஒரு முடிவு கட்டுகிறோம் என்று சொல்லி, கூடவே பதவிக்கால வரம்பையும் மாற்றுகிறார்கள். இதுவரை கீழவையில் ஆறு ஆண்டு, மேலவையில் எட்டு ஆண்டு. இனி மொத்தம் பன்னிரண்டு, அதை ஒரே அவையிலும் கழிக்கலாம். கசப்பு மாத்திரையை வாழைப்பழத்துக்குள் வைத்துத் தருகிறார்கள். எது மாத்திரை, எது பழம் என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

கடைசியாக, மறுபக்கத்தின் அடியில் கிடக்கும் பஸ். ஓக்லண்ட் கவுன்டி பொதுப் போக்குவரத்துக்காக 0.95 மில் சொத்து வரி (வரி மதிப்பில் ஆயிரம் டாலருக்கு 0.95 டாலர்), பத்தாண்டுக்கு. வரி மதிப்பு 2 லட்சம் டாலர் உள்ள வீட்டுக்கு ஆண்டுக்கு 190 டாலர். இதுவரை, பஸ் வேண்டாம் என்று எந்த நகரமும் ஒதுங்கிக்கொள்ளலாம்; எங்கள் நோவை அப்படி ஒதுங்கிய நகரம். இது நிறைவேறினால் ஒதுங்க முடியாது, கவுன்டி முழுதும் கட்ட வேண்டும், கவுன்டி முழுதும் பஸ் வர வேண்டும். 2016இல் நான்கு கவுன்டிகளுக்குமாகச் சேர்த்து இப்படி ஒன்று வந்து நூலிழையில் தோற்றது.

என் மாமியார் கும்பகோணத்தில் பஸ் எண்ணைப் படிக்காமலே, வரும் வண்டியின் நிறத்தையும் கண்டக்டர் முகத்தையும் வைத்து ஏறுகிறவர். இங்கே வந்தால் ஆறு மாதமும் நாங்கள் அலுவலகத்திலிருந்து திரும்பும்வரை வீட்டுக்குள். வேங்கடேஸ்வரர் கோயில் இதே ஊரில்தான் இருக்கிறது, ஆனால் சனிக்கிழமை யாராவது காரில் கூட்டிப்போனால்தான் பெருமாள் தரிசனம். ஒருநாள் துணிப்பையோடு கிராண்ட் ரிவர் சாலை ஓரமாகக் கறிவேப்பிலை வாங்க நடந்துவிட்டார். நடைபாதை ஓரிடத்தில் சட்டென்று முடிந்து புல்தான் இருந்ததாம். ஒரு போலீஸ்காரர் காரை நிறுத்தி, வழி தவறிவிட்டீர்களா அம்மா என்று கேட்டு வீட்டில் கொண்டுவந்து விட்டார். நல்ல மனிதர். ஆனால் பட்டப்பகலில் ஒரு பெண்மணி கடைக்கு நடந்து போவது காணாமல்போனவரின் அடையாளமாகத் தெரிகிற ஊர் இது.

இந்த வரிக்கு எதிராக நம்மவர்களே சொல்லும் காரணம் 190 டாலர் அல்ல. குரலைத் தாழ்த்திக்கொண்டு, "பஸ் விட்டால் டெட்ராய்ட் ஆட்கள் வந்துவிடுவார்கள்" என்கிறார்கள். டெட்ராய்ட்டின் எல்லையான எட்டு மைல் சாலைக்கு வடக்கே எழுபது ஆண்டாக வெள்ளையர்கள் சொல்லிவந்ததை, இருபது ஆண்டு முன்னால் இரண்டு பெட்டியோடு இறங்கிய நாம் இவ்வளவு சரளமாகக் கற்றுக்கொண்டோம். உணவகத்தில் பாத்திரம் கழுவவும், முதியோர் இல்லத்தில் நம் பெற்றோர் வயதுடையவர்களைக் குளிப்பாட்டவும் அந்த ஆட்கள்தான் இரண்டு பஸ் மாறி, மீதி தூரம் நடந்து வருகிறார்கள்.

இந்த பிப்ரவரியில் தமிழ்நாட்டில் நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தல் நடந்தபோது, சொந்த ஊர் வார்டில் யார் நின்றார், யார் விலகினார், யார் யாருக்கு மாமன் மச்சான் என்று இதே குழுவில் அக்குவேறு ஆணிவேறாகப் பேசினார்கள். அந்தத் திறமையில் பத்தில் ஒரு பங்கு போதும், நம் பள்ளி வாரிய வேட்பாளர்களை அலசிவிடலாம். மேற்கு மிச்சிகனில் ஜேம்ஸ்டவுன் என்ற சிற்றூரில் ஆகஸ்ட் வாக்கெடுப்பில் நூலக வரி தோற்றது. அங்கிருந்த சில புத்தகங்கள் பிடிக்காதவர்கள் திரண்டு வந்து தோற்கடித்தார்கள். நூலகமே மூடும் நிலை. செவ்வாய்க்கிழமை மறுபடி வாக்கெடுப்பு.

நடைமுறைக்கு வருவோம். தபால் ஓட்டு வாங்கியவர்கள் இனி அஞ்சலில் போடாதீர்கள், நேரம் போதாது. நகர கிளார்க் அலுவலகத்தில் அல்லது அவர்களது பெட்டியில் செவ்வாய் இரவு 8 மணிக்குள் போய்ச் சேர வேண்டும். வெளி உறையில் கையெழுத்துப் போட மறக்க வேண்டாம். அது இல்லாவிட்டால் ஓட்டு எண்ணப்படாது. பதிவு செய்யாதவர்கள், குடியுரிமை பெற்றிருந்தால், முகவரிச் சான்றோடு அன்றைக்கே கிளார்க்கிடம் பதிந்து அங்கேயே ஓட்டுப் போடலாம். முன்மொழிவு 1 பற்றி விவரம் தெரிந்தவர்கள் கீழே எழுதுங்கள், அந்த ஒரு கட்டத்தை இன்னும் நிரப்பவில்லை. ஃபெட்டர்மன் பற்றி எழுத வேண்டாம்.