தரையை அளந்தார்கள், தலையை அளக்கவில்லை

புதுச்சேரி முத்தியால்பேட்டையில் உள்ள எங்கள் பூர்வீக வீட்டின் மச்சில் ஒரு குளியலறை கட்டப் புகுந்து நான் படும் பாட்டை இன்று எழுதியே தீர வேண்டும். இல்லையென்றால் நாளைக் காலையில் அந்தப் பொறியாளரிடம் வாய் தவறி எதையாவது சொல்லிவிடுவேன்.

பிரான்சில் இருக்கும் என் அண்ணன், சாய்வுக் கூரைக்கு அடியில் பாத்டப் போட்டுக் குளித்துப் பழகியவர். ஓய்வு பெற்று ஊர் திரும்பும்போது இங்கேயும் அப்படி ஒன்று இருக்க வேண்டும் என்று கேட்டார். ஆசையில் குற்றமில்லை. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் எங்கள் ஓடுகளை அள்ளிக்கொண்டு போன பிறகு, காற்றுக்குப் பயந்து பக்கச்சுவரை மூன்றடியோடு நிறுத்தி, 30 டிகிரிச் சாய்வில் மறுபடி ஓடு வேய்ந்திருந்தோம். இடம் தாராளமாகவே இருக்கிறது, முகட்டுக்கு நேர் கீழே.

பொறியாளர் வந்தார், டேப்பைத் தரையில் விரித்தார், ஐந்தரை அடி நீளமும் இரண்டரை அடி அகலமும் உள்ள தொட்டியை அந்தக் குட்டைச் சுவரை ஒட்டி நீளவாக்கில் வரைந்தார், "வீணாகிற இடம் பயன்படும்" என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த வரைபடத்தில் கூரை எந்தப் பக்கம் சாய்கிறது என்பதற்கு ஒரு கோடுகூட இல்லை. ஐயா, இந்தச் சாய்வில் சுவரிலிருந்து ஓரடி உள்ளே வந்தால் கூரை ஏழு அங்குலம்தான் உயரும். தொட்டியின் வெளி விளிம்புக்கு மேலே நாலரை அடிகூடத் தேறாது. ஆறரை அடி உயரம் கிடைக்க வேண்டுமானால் சுவரை விட்டு ஆறடி தள்ளி வர வேண்டும். என் அண்ணனோ ஆறடி ஆள். தொட்டியில் மனிதன் படுத்தே கிடப்பானா, எழுந்து துவட்டிக்கொள்ள மாட்டானா?

கணக்கில் நம்பிக்கை இல்லாமல், காலித் தொட்டியை அவர் சொன்ன இடத்தில் வைத்து நானே உள்ளே உட்கார்ந்து பார்த்தேன். எழுந்தபோது உச்சந்தலை ஓட்டைத் தாங்கும் கைமரத்தில் 'டொக்' என்று இடித்தது. ஓட்டு இடுக்கிலிருந்து பழைய தூசி கழுத்துக்குள் இறங்கியது. "குனிஞ்சே எழுந்திரிங்க சார், பழகிடும்" என்றார் பிளம்பர். சொந்த வீட்டில் குளித்து முடித்துத் தவழ்ந்து வெளியே வரவா ஒரு தொட்டி வாங்கினோம்?

தொட்டியைத் திருப்பி வைத்தால் தீர்ந்தது. தலைமாடு குட்டைச் சுவர்ப் பக்கமும் கால்மாடு முகட்டை நோக்கியும் இருந்தால், கால்மாட்டு விளிம்பில் ஆறடிக்கு மேல் உயரம் கிடைக்கும். அங்கே தலையைச் சற்றே தாழ்த்தி எழுந்து ஓர் எட்டு எடுத்து வைத்தால் வெளியே. கீழ்த்தளம் பழைய மெட்ராஸ் டெரஸ், அதாவது மர உத்திரங்களின் மேல் செங்கலும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிய தளம். தேக்கு உத்திரங்கள் பக்கச்சுவருக்கு இணையாக ஓடுகின்றன. 180 லிட்டர் தண்ணீரும் தொட்டியும் அண்ணனுமாகச் சேர்ந்த 300 கிலோ எடை பொறியாளர் வரைந்தபடி வைத்தால் ஒன்றிரண்டு உத்திரங்களின் தலையில் விழும். திருப்பினால் நாலைந்து உத்திரங்கள் பங்கிட்டுக்கொள்ளும். கழிவுநீர்க் குழாய் தூரமாகிவிடும் என்பது அவருடைய ஒரே மறுப்பு. நாற்பது அடிக்கு ஓரடி இறங்கும்படி வாட்டம் கொடுத்தாலும் ஐந்தரை அடிக்கு இரண்டு அங்குல இறக்கம் போதும், தொட்டிக்கு அடியிலேயே அது அடங்கிவிடும் என்று பால் கணக்கு எழுதும் நோட்டின் பின்பக்கத்தில் போட்டுக் காட்டினேன். பொறியியல் படித்தவர் அதை வாங்கிக்கூடப் பார்க்கவில்லை.

தண்ணீரைப் பற்றியும் அவர் யோசித்ததாகத் தெரியவில்லை. மேல்நிலைத் தொட்டியின் அடிமட்டம் இந்தக் குளியலறைக் குழாய்க்கு மூன்றடி மேலேதான் இருக்கிறது. ஒரு மீட்டர் உயரத்துக்குப் பத்தில் ஒரு பார் அழுத்தம்கூட முழுதாக வராது. 15 லிட்டர் வாளி நிறைய நான்கு நிமிடம் ஆனது. அந்தக் கணக்கில் பாத்டப் நிறைய முக்கால் மணி நேரத்துக்கு மேல் ஆகும்! பம்ப் வைக்க வேண்டும் என்பதை டைல்ஸ் ஒட்டுவதற்கு முன்பே சொல்லியிருக்க வேண்டாமா?

பாத்டப் இப்போது திண்ணையில் கோணி போர்த்திக் கிடக்கிறது. வருகிறவர் போகிறவர் எல்லோரும் விலை கேட்கிறார்கள். வரைபடத்தைத் திருத்தித் தருவதற்குத் தனிக் கட்டணம் ஆகும் என்று பொறியாளர் நேற்றிரவு வாட்ஸ்அப்பில் எழுதியிருக்கிறார்.