ராத்திரிக்கு இதை யாரு பாத்துக்குவாங்க?

2017-ல் அம்மா முதல்முறையாக சிங்கப்பூருக்கு வந்திருந்தார். ஈசூனில் எங்கள் பக்கத்து புளோக்கில் இருக்கும் அக்கா ஒருவர் பேச்சுவாக்கில், "இங்க சாக்கடைத் தண்ணியைச் சுத்தம் பண்ணி ஏரித் தண்ணியோட கொஞ்சம் கலப்பாங்கம்மா" என்று சொல்லிவிட்டார். அன்று இரவு சாப்பாட்டுக்கு அப்புறம் அம்மா ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. கேட்டால் தாகம் இல்லை என்றார்.

அப்படிச் சுத்தம் செய்த தண்ணீருக்கு இங்கே புதுநீர் என்று பெயர். அந்த வார சனிக்கிழமை அவரைப் பிடோக்கில் இருந்த புதுநீர் வருகையாளர் மையத்துக்குக் கூட்டிப் போனேன். (2024-ல் அதை மூடிவிட்டார்கள்.) கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வரிசையாக அடுக்கிய நீளக் குழாய்கள். வழிகாட்டிய பெண் விளக்கிக்கொண்டே வர, நான் அம்மாவுக்குத் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தேன். முதலில் நுண்வடிகட்டல், அதில் அழுக்குத் துகளும் பாக்டீரியாவும் நிற்கும். அடுத்தது ஆர்ஓ சவ்வு, அங்கே உப்பும் வைரஸும் நிற்கும். கடைசியில் புறஊதாக் கதிர். அம்மா எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். அப்புறம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"ஏங்கண்ணு, பகல்ல சரி. ராத்திரிக்கு இதை யாரு பாத்துக்குவாங்க?"

நான் இந்த ஊரில் 19 வருடமாகக் கருவி டெக்னீஷியன். தண்ணீர்த் தொட்டிகளிலும் குழாய்களிலும் இருக்கும் அளவிடும் கருவிகளைக் கழுவி, சரிபார்த்து, மாற்றுவதுதான் என் வேலை. கழிவுநீர் மறுபயன்பாடு பற்றி எத்தனையோ பேர் பேசிக் கேட்டிருக்கிறேன். அம்மா கேட்ட அளவுக்குச் சரியான கேள்வியை யாரும் கேட்டதில்லை.

அவர் ஏன் அப்படிக் கேட்டார் என்பது எனக்குத் தெரியும். எங்கள் ஊர் கரூர் மாவட்டத்தில் நொய்யல் கரையில், ஒரத்துப்பாளையம் அணைக்குக் கீழே இருக்கிறது. 1992-ல் பாசனத்துக்காகக் கட்டிய அணை அது. திருப்பூரின் சாயக்கழிவு வந்து தேங்கி, அணைத் தண்ணீரை வயலுக்குத் திறக்கவே வேண்டாம் என்று விவசாயிகளே சொல்லும் நிலை வந்தது. ஆற்றில் நிறம் மாறி வருவது பெரும்பாலும் இரவில்தான், இல்லாவிட்டால் மழை கொட்டும்போது. விடியற்காலையில் வாய்க்காலுக்குப் போகும் அம்மாதான் வீட்டில் முதலில் பார்ப்பார். அதிகாரிகள் சோதனைக்குத் தண்ணீர் எடுக்க வரும் நேரம் காலை 11 மணி. அதற்குள் பாதி கடந்து போயிருக்கும். நொய்யல் பாசனதாரர்கள் தொடுத்த வழக்கில்தான் 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாய ஆலைகளை மூடச் சொன்னது. ஒரு சொட்டுக் கழிவுநீரும் வெளியே வராத ஏற்பாட்டைச் செய்தவர்களுக்கு மட்டும் மீண்டும் திறக்க அனுமதி கிடைத்தது.

இன்றைக்கு நிலைமை வேறு. ஆனால் மேலே கோவை, திருப்பூர் என்று இரண்டு பெரிய நகரங்கள் இருக்கின்றன. அவற்றின் வீட்டுக் கழிவுநீர், சுத்தம் செய்ததும் செய்யாததுமாக, அதே ஆற்றில்தான் வந்து சேருகிறது. கோடையில் எங்கள் பக்கம் ஓடுவதில் பெரும்பங்கு அதுதான். அதாவது, சுத்திகரித்த கழிவுநீரைப் பாசனத்துக்குப் பயன்படுத்தலாமா என்று மாநாடு போட்டு விவாதிக்கிறோம், ஆனால் எங்கள் ஊர்க்காரர்கள் பல வருடமாக அதைப் பயன்படுத்திக்கொண்டுதான் இருக்கிறார்கள். அதை அளந்து சொல்லத்தான் ஆள் இல்லை.

நான் சொல்ல வருவது இதுதான். சிங்கப்பூரைப் பார்த்து நாம் சவ்வை மட்டும் கற்றுக்கொண்டால் போதாது. அளப்பதைக் கற்றுக்கொள்ள வேண்டும். இந்த நாடு 1974-லேயே கழிவுநீரை மீட்டெடுக்கும் சோதனை ஆலை ஒன்றை நடத்திப் பார்த்தது. செலவு கட்டுப்படியாகவில்லை, சவ்வுகளையும் நம்ப முடியவில்லை, மூடிவிட்டார்கள். மறுபடி 2000-ல் பிடோக்கில் செய்து காட்டும் ஆலை வந்தது, 2003-ல் புதுநீர் மக்களுக்கு வந்தது. நாட்டின் தண்ணீர்த் தேவையில் 40 சதவீதம் வரை இதால் கொடுக்க முடியும் என்கிறார்கள். பெரும்பகுதி மின்னணுச் சில்லு செய்யும் தொழிற்சாலைகளுக்கும் குளிரூட்டும் கோபுரங்களுக்கும் போகிறது. வறட்சியான மாதங்களில் கொஞ்சம் நீர்த்தேக்கங்களில் சேர்கிறது. சவ்வு உலகத்தில் எங்கும் விலைக்குக் கிடைக்கும். 24 மணி நேரமும் ஓடிக்கொண்டிருக்கும் அளவீடும், எண் மாறினால் வால்வை மூடும் ஒழுங்கும் விலைக்குக் கிடைக்காது. மக்கள் நம்பிக் குடிப்பது அந்த ஒழுங்கினால்தான்.

சரி, அப்படியானால் வாய்க்கால் முழுக்க நூறு சென்சார் வைத்துவிட்டால் தீர்ந்தது என்று தோன்றும். தீராது. இது என் தொழில், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

கழிவுநீரில் ஒரு புரோப்பை, அதாவது தண்ணீருக்குள் விட்டு அளக்கும் கருவியை, இறக்கினால் சில நாட்களிலேயே அதன் முனையில் வழவழவென்று ஒரு படலம் பிடிக்கும். நுண்ணுயிர்கள் சேர்ந்து கட்டும் படலம் அது. அதற்கு அப்புறம் அந்தக் கருவி அளப்பது ஆற்றுத் தண்ணீரை அல்ல, தன் மேல் ஒட்டியிருக்கும் சளிக்குள் இருக்கும் தண்ணீரைத்தான். கரைந்த ஆக்சிஜன் குறைவாகக் காட்டும். பிஎச், அதாவது அமில, காரத் தன்மையின் அளவு, மெல்ல மெல்ல நகரும். கலங்கல் அளவு மேலே ஏறும். கருவி கெட்டுப்போனதாகத் தெரியவே தெரியாது, திரையில் ஒரு எண் வந்துகொண்டேதான் இருக்கும். கருவியே இல்லாததைவிட இது மோசம். ஆகவே வாரம் ஒருமுறையாவது எடுத்து, மென்மையான பிரஷ்ஷால் தேய்த்து, 4, 7, 10 என்று பிஎச் தெரிந்த கரைசல்களில் நனைத்துச் சரிபார்க்க வேண்டும். நூறு இடத்தில் நூறு புரோப் என்றால் வாரம் நூறு தடவை இந்த வேலை. எந்தப் பஞ்சாயத்து இதற்கு ஆள் போடும்? முதல் வருடம் திறப்பு விழா, இரண்டாம் வருடம் வாய்க்கால் ஓரத்தில் துருப்பிடித்த பெட்டி. ஒரு இடத்தில் இல்லை, பல இடங்களில் பார்த்துவிட்டேன்.

ரோபோவின் அருமை எனக்குப் புரிந்தது இந்த இடத்தில்தான். நூறு புரோப்பை நூறு இடத்தில் ஊறப் போடாமல், நன்றாகப் பராமரித்த ஒரே ஒரு புரோப்பை நூறு இடத்துக்கும் கூட்டிப் போகலாம். ஒரு சுற்று முடிந்ததும் அது தன் இடத்துக்குத் திரும்பி, கழுவிக்கொண்டு, தெரிந்த கரைசலில் ஒருமுறை நனைந்து, தன் எண் சரிதானா என்று பார்த்துவிட்டு அடுத்த சுற்றுக்குக் கிளம்பலாம். சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகமும், இங்கே தண்ணீரைக் கவனிக்கும் அரசு அமைப்பான பொதுப் பயனீட்டுக் கழகமும் சேர்ந்து உருவாக்கிய அன்னப்பறவை ரோபோ இந்த எண்ணத்தில் வந்ததுதான். பாண்டான் நீர்த்தேக்கத்தில் சோதித்தார்கள். வெள்ளை அன்னம் மாதிரி மிதந்துகொண்டே பிஎச், கரைந்த ஆக்சிஜன், கலங்கல், பாசியின் பச்சையம் எல்லாவற்றையும் அளந்து கம்பியில்லாமல் கரைக்கு அனுப்பும். முன்பெல்லாம் ஆட்கள் படகில் போய்ப் போத்தலில் எடுத்து வர வேண்டிய வேலை. என் மகள் சின்னவளாக இருந்தபோது படத்தைப் பார்த்து நிஜப் பறவை என்றே நினைத்தாள். பறவை வடிவம் அழகுக்காக. உள்ளே இருக்கும் யோசனை அதைவிட அழகு.

இதை அப்படியே வயலுக்குக் கொண்டுபோக முடியுமா? தண்ணீரோடு மண்ணையும் பார்த்தால் முடியும். பாசனத்தில் கழிவுநீரின் முதல் ஆபத்து நாற்றமோ கிருமியோ இல்லை, உப்பு. ஐநா உணவு, வேளாண் அமைப்பின் வழிகாட்டியில் லிட்டருக்கு 450 மில்லிகிராமுக்குக் கீழே கரைந்த உப்பு இருந்தால் தொல்லை இல்லை, 2,000-ஐத் தாண்டினால் கடும் கட்டுப்பாடு வேண்டும். புதுநீரில் இது 150-க்கும் குறைவு. உப்பு என்று பொதுவாகச் சொன்னாலும் அதில் சோடியத்தின் பங்கு எவ்வளவு என்பது தனிக் கணக்கு. சோடியம் மிஞ்சினால் களிமண் துகள்கள் பிரிந்து, மண்ணின் கண்கள் அடைத்துக்கொள்ளும். மேலே தண்ணீர் நிற்கும், வேருக்கு இறங்காது. உவர் வேறு, களர் வேறு என்று எங்கள் அப்பா பிரித்துச் சொல்வார். உவர் நிலத்தை நல்ல தண்ணீர் விட்டு அலசிவிடலாம், களராகிவிட்டால் ஜிப்சம் போட்டு வருடக்கணக்கில் பாடுபட வேண்டும். ஒரே வயலில் ஒரு மூலை களராகிக்கொண்டிருக்க, மறு மூலை நன்றாக இருக்கும். ஒரு பிடி மண்ணை ஆய்வகத்துக்கு அனுப்பினால் இது தெரியாது.

மண்ணைத் தோண்டாமலே பார்க்கும் கருவி இருக்கிறது. ஒரு காந்தச் சுருள் மண்ணுக்குள் சிறு மின்னோட்டத்தைத் தூண்டும், உப்பும் ஈரமும் எவ்வளவோ அவ்வளவுக்குத் திரும்ப வரும் சைகை கூடும். இதைச் சின்ன வண்டியில் வைத்து வயலைச் சுற்றவிட்டால் எந்த மூலை கெடுகிறது என்று வரைபடமே கிடைக்கும். மேலே பறக்கும் ட்ரோனில் வெப்பக் கேமரா இருந்தால், உப்பால் தவிக்கும் செடியின் இலை மற்றதைவிடச் சூடாக இருப்பது தெரியும். இலைத் துளைகளை மூடிக்கொள்வதால் வரும் சூடு அது. இலை வாடி நம் கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே தெரிந்துவிடும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அதிகமாகச் சுத்தம் செய்வதும் வயலுக்கு நல்லதில்லை. கழிவுநீரில் நைட்ரஜனும் பாஸ்பரஸும் இருக்கின்றன, காசு கொடுத்து வாங்கும் உரம் அது. ஆர்ஓ சவ்வு அதையெல்லாம் தட்டிவிடும். இஸ்ரேலில் 2005-ல் திறந்த அஷ்கெலான் ஆலை கடல்நீரைச் சுத்தம் செய்து கொடுத்த தண்ணீர் மனிதர்களுக்குப் பிரமாதமாக இருந்தது, வயலில் சிக்கல் வந்தது. பயிருக்கு வேண்டிய மக்னீசியம் அதில் இல்லை. தங்கள் கழிவுநீரில் 90 சதவீதத்துக்குப் பக்கமாக வயலுக்கே திருப்பும் நாடு அது, அவர்களே அடிபட்டுக் கற்றுக்கொண்ட பாடம். எந்தப் பயிருக்கு எவ்வளவு சுத்தம் போதும் என்று முடிவு செய்ய அளவு தெரிந்திருக்க வேண்டும். அளவு தெரியாதவனுக்கு இரண்டு வழிதான்: எல்லாவற்றையும் செலவழித்துச் சுத்தம் செய்வது, அல்லது கண்ணை மூடிக்கொண்டு பாய்ச்சுவது.

கிருமி விஷயத்தில் சென்சார் நமக்கு இன்னும் கைகொடுக்கவில்லை. மலத்திலிருந்து வரும் ஈ.கோலை பாக்டீரியா இருக்கிறதா என்று ஆய்வகத்தில் வளர்த்துப் பார்க்கக் கிட்டத்தட்ட ஒரு நாள் ஆகும். அதற்குள் தண்ணீர் கீரைப் பாத்தியில் இறங்கியிருக்கும். அதனால் கலங்கல், குளோரின் மிச்சம், புறஊதா விளக்கின் பலம் என்று சுற்றி வளைத்துத்தான் ஊகிக்கிறோம். பச்சையாகச் சாப்பிடும் எதற்கும் இந்த ஊகத்தை மட்டும் நம்பிப் பாய்ச்சக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. சொட்டுநீரில் தென்னைக்கும் பருத்திக்கும் விடுங்கள், கொத்தமல்லிக்கு வேண்டாம்.

ஆராய்ச்சி செய்யும் தம்பி தங்கைகளிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. இங்கே பல்கலைக்கழகக் கண்காட்சிகளுக்குப் போகும்போதெல்லாம் தமிழ்ப் பிள்ளைகள் நிறையப் பேரைப் பார்க்கிறேன், பெருமையாக இருக்கிறது. பறக்கும் இயந்திரம், தானே வழி கண்டுபிடிக்கும் வண்டி, எல்லாம் காட்டுகிறார்கள். "புரோப்பை எது கழுவும்?" என்று கேட்டால் முகம் மாறுகிறது. அது அடுத்த கட்டம் என்கிறார்கள். அதுதான் முதல் கட்டம், கண்ணுகளா. தன்னைத் தானே தேய்த்துக்கொள்ளும் ஒரு பிரஷ், ஆறு மாதம் சேற்றில் கிடந்தாலும் பொய் சொல்லாத ஒரு முனை, ஊர்க்கடையில் கிடைக்கும் உதிரிபாகம். இதைச் செய்து கொடுத்தால் நொய்யல் கரையில் உங்களை மறக்க மாட்டார்கள். அப்புறம், அளந்த எண் யாருக்குப் போகிறது என்பதையும் பாருங்கள். சர்வரில் தூங்கும் எண்ணால் மோட்டார் போடுகிறவனுக்கு ஒரு பயனும் இல்லை. மோட்டார் போடுவதற்கு முன்னால் அவன் கைபேசிக்கு அது வர வேண்டும்.

போன வருடம் ஊருக்குப் போனபோது, வாய்க்கால் தலைப்பில் ஒரு மின்கடத்துதிறன் புரோப், சின்னச் சூரியத் தகடு, ஒரு சிம் கார்டு வைத்துவிட்டு வந்தேன். 15 நிமிடத்துக்கு ஒருமுறை எண் அனுப்பும். தண்ணீரில் உப்பு கூடினால் அந்த எண்ணும் ஏறும் (மேலே சொன்ன மில்லிகிராம் கணக்கு இல்லை இது). ரோபோ எல்லாம் இல்லை, தம்பிதான் ரோபோ. ஞாயிற்றுக்கிழமைதோறும் இறங்கித் தேய்த்துவிட்டு எனக்குப் படம் அனுப்புவான். மார்ச் மாதத்தில் ஒரு நாள் நள்ளிரவு தாண்டி, 900-ல் நின்ற எண் ஏற ஆரம்பித்தது. இரண்டு மணிக்கு 2,600. தம்பியைக் கூப்பிட்டேன். "அண்ணா, மூணு மணிக்குக் கரண்டு வரும், மோட்டார் போடலாம்னு இருந்தேன்" என்றான். போடவில்லை. ஐந்தரைக்கு எண் பழையபடி 900-க்கு இறங்கிவிட்டது. எங்கிருந்து வந்தது என்று எங்களுக்குத் தெரியாது. காலை 11 மணிக்கு யாராவது போத்தலோடு வந்திருந்தால் தண்ணீர் நன்றாக இருக்கிறது என்று எழுதிவிட்டுப் போயிருப்பார்கள்.

மறுநாள் அம்மாவிடம் சொன்னபோது, "அப்ப பக்கத்து வாய்க்காலுக்கும் ஒண்ணு வெச்சுட்டு வா கண்ணு" என்றார்.

தீபாவளிக்குப் போகும்போது இரண்டு கொண்டுபோகிறேன். நொய்யல், அமராவதி, பாலாறு பக்கத்துக்காரர்கள் யாராவது இங்கே இதே மாதிரி செய்துகொண்டிருந்தால் கீழே எழுதுங்கள். புரோப் கழுவும் முறையைத் தமிழில் எழுதி வைத்திருக்கிறேன், வேண்டியவர்களுக்கு அனுப்புகிறேன்.