பாட்டி “இல்ல” என்றால் எந்தக் கட்டத்தில் குறிப்பீர்கள்?

தன்மதிப்பு, தன்னைப் பற்றிய கணிப்பு என்று தலைப்பு எடுத்து உளவியல் ஆய்வுக்குப் போகும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்ல வேண்டும். முதல் வருடம் முழுவதையும் கோட்பாட்டிலேயே கரைக்காதீர்கள். கேள்வித்தாளோடு மல்லுக்கட்டுங்கள். ஆய்வு கவிழ்வது பெரும்பாலும் அங்கேதான்.

ரோசன்பர்க்கின் 1965ஆம் ஆண்டு தன்மதிப்பு அளவுகோலையே எடுத்துக்கொள்ளுங்கள். 10 வாக்கியங்கள், ஒவ்வொன்றுக்கும் 4 விடைகள். 5 வாக்கியங்கள் எதிர்மறை. அவற்றுக்கு மதிப்பெண்ணைத் திருப்பிப் போட வேண்டும்: மறுத்தால் கூடுதல், ஒத்துக்கொண்டால் குறைவு. “பெருமைப்பட என்னிடம் ஒன்றுமில்லை” என்பதைத் சிங்கப்பூர்த் தேக்காவில் ஒரு பாட்டியிடம் வாசித்து, ஒத்துக்கொள்கிறீர்களா என்று கேளுங்கள். “இல்ல” என்பார். பெருமைப்பட ஒன்றும் இல்லையா, அல்லது வாக்கியமே தப்பா? “சாப்பிடலையா?” என்றால் “ஆமா, சாப்பிடல” என்கிறோம், “இல்ல, சாப்பிடல” என்றும் சொல்கிறோம். குறிப்பவர் ‘மறுக்கிறேன்’ என்று போட்டுவிட்டால், மனம் நொந்த பாட்டிக்குத் தன்மதிப்பு உச்சத்தில்!

8ஆவது வாக்கியம் இன்னும் மோசம். என்மீது எனக்கு இன்னும் கொஞ்சம் மரியாதை இருந்தால் தேவலை என்பது குறையா, நல்ல ஆசையா? உளவியலாளர்கள் ஷ்மிட், ஆலிக் இருவரும் 53 நாடுகளின் தரவை 2005இல் வெளியிட்டபோது, பல இடங்களில் இது மற்ற ஒன்பதோடு ஒட்டவில்லை.

அதனால் ஆங்கில மூலத்தை இருவர் தனித்தனியே தமிழாக்கட்டும். மூலத்தைப் பார்க்காத மூன்றாமவர் திரும்ப ஆங்கிலமாக்கட்டும். பிறகு எட்டுப் பத்துப் பேரிடம் வாசித்துக் காட்டி, “உங்க வார்த்தையில சொல்லுங்க” என்று கேளுங்கள். பலரும் சறுக்குவது இந்தப் படியைத் தாண்டிக் குதிப்பதால்தான். முன்னோட்டத்தில் ஒரு வாக்கியத்துக்கும் மற்றவற்றின் கூட்டுத்தொகைக்கும் உள்ள தொடர்பு 0.3க்குக் கீழே போனால் வாக்கியத்தைத் திருத்துங்கள். கழித்தல் குறி வந்தால், மதிப்பெண்ணைத் திருப்ப மறந்திருப்பீர்கள்.

மொழி சரியானாலும் இன்னொரு வில்லங்கம் இருக்கிறது. “கணக்கில் நான் கெட்டிக்காரன்” என்ற வாக்கியத்துக்கு விடை சொல்லும் பிள்ளை யாரோடு ஒப்பிடுகிறது? பக்கத்து மேசையோடு. ஒப்பீட்டுக் குழு விளைவு என்று ஹைனும் சகாக்களும் 2002இல் எழுதியது இதைத்தான். பல நாட்டு மாணவர்களின் கணித, அறிவியல் திறனை ஒப்பிடும் 2019 டிம்ஸ் தேர்வில் நம் சிங்கப்பூர் உயர்நிலை 2 மாணவர்கள் கணிதத்தில் 616 எடுத்து முதலிடம். தன்னம்பிக்கைப் பட்டியலில் முதலிடம் அவர்களுக்கு இல்லை. தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வான பிஎஸ்எல்இயில் சக மாணவரோடு ஒப்பிடும் டி-ஸ்கோர் மதிப்பெண் போய் 2021 முதல் அடைவுநிலை வந்துவிட்டது. ஒரு பாடத்தில் 90ஓ அதற்கு மேலோ வாங்கினால் அடைவுநிலை 1, அடுத்தவர் எவ்வளவு வாங்கினாலும் சரி. பிள்ளையின் கண் மட்டும் இன்னும் பக்கத்து மேசையில்.

எனவே கெட்டிக்காரனா என்று கேட்காதீர்கள். “இந்த 10 கணக்கில் எத்தனை சரியாகப் போடுவாய்?” என்று கேட்டுவிட்டு, போடச் சொல்லுங்கள். இரண்டு எண்ணுக்கும் உள்ள இடைவெளிதான் உங்கள் தரவு. வகுப்புத் தோழனிடமும் அந்தப் பிள்ளையைப் பற்றிக் கேளுங்கள். உளவியலாளர் சிமின் வசீரின் 2010 ஆய்வில், தங்கள் பதற்றத்தை அவரவரே நன்றாக அறிந்திருந்தார்கள். புத்திக்கூர்மையை நண்பர்களே சரியாகக் கணித்தார்கள். (வாயாடியா என்பது ஊருக்கே தெரியும்.)

துணைப்பாட வகுப்பில் 40 பேரைப் பிடித்து இரண்டாகப் பிரிப்பது காணாது. இரு குழுக்களுக்கு இடையே நடுத்தர அளவு வேறுபாட்டைக் கண்டுபிடிக்கவே குழுவுக்கு 64 பேர் வேண்டும். சிறியதென்றால் 390க்கு மேல். தமிழ் படிக்கும் பிள்ளைகளை மட்டும் வைத்து அதை எட்ட ஒரு பள்ளி போதாது, நாலைந்து பள்ளி ஏறி இறங்க வேண்டும். அனுமதிக் கடிதங்களை இப்போதே எழுதத் தொடங்குங்கள்.