மரம் நட்டது போதும், துடைப்பத்தைக் கீழே போடுங்கள்

ஆறுமணிக் குருவிக்கு அந்தப் பெயர் சும்மா வரவில்லை. விடியக்காலை ஆறு மணிவாக்கில் ஒரு தடவை, பொழுது சாயும்போது ஒரு தடவை, இரண்டு சுருதியில் விசில் அடிக்கும். ஒன்று கூப்பிட்டால் அடுத்த தோப்பிலிருந்து இன்னொன்று பதில் சொல்லும். தோட்டக்கள்ளன் என்றும் சொல்வார்கள். பச்சை முதுகு, இறக்கையில் நீலத் திட்டு, வாலடியில் குங்குமச் சிவப்பு, கண்ணோரம் கறுப்புப் பட்டை. இத்தனை நிறம் இருந்தும், ஒரு சாணுக்குக் குறைவான அந்த உடம்பு சருகுக்குள் நின்றால் கண்ணில் படாது.

இது நமக்கு விருந்தாளி. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை இமயமலை அடிவாரத்திலும் மத்திய இந்தியாவிலும் குஞ்சு பொரித்துவிட்டு, புரட்டாசி, ஐப்பசியில் தெற்கே இறங்கும். இலங்கை வரை போகும். சித்திரை வாக்கில் திரும்பும். உலக அளவில் அழிவின் விளிம்பில் இருக்கும் பறவை என்று இதற்கு முத்திரை இல்லை, அதனால் யாரும் கண்டுகொள்வதும் இல்லை. ஆனால் 2023-இல் வந்த இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கையைப் பாருங்கள். நீண்டகாலப் போக்கைக் கணக்கிட முடிந்த 338 இனங்களில் 60 சதவீதம் குறைந்திருக்கின்றன. ஒரே வகை வாழிடத்தை நம்பிய பறவைகள், எங்கும் பிழைத்துக்கொள்ளும் காக்கை, மைனாவைப் போல் இல்லாமல் அதிகம் அடி வாங்குகின்றன.

நம் ஊர்ப்பக்கம் இதற்கு ஏற்ற இடம் புதுச்சேரி, கடலூர் கரையோரத்து உலர் பசுமைமாறாக் காடு, அதாவது மழை குறைந்த இடத்திலும் ஆண்டு முழுக்க இலை பச்சையாக நிற்கும் காடு. மிச்சம் இருப்பதெல்லாம் துண்டு துண்டான கோயில் காடுகள்: கீழ்ப்புத்துப்பட்டு, கடலூர்ப் பக்கம் திருமாணிக்குழி, குழந்தைக்குப்பம் மாதிரி. வீரை, காயா, காட்டெலுமிச்சை, பாலை எல்லாம் பின்னிக் கிடக்கும் அடர்த்தி. அதற்கு அடுத்தபடி கேப்பர் மலை, பண்ருட்டிப் பக்கத்து முந்திரித் தோப்புகளையும் பழைய வீட்டுக் கொல்லைகளையும் சொல்லலாம்.

இந்த இடங்களிலெல்லாம் மரம் இருக்கிறது, சருகு மூடிய தரைதான் இல்லை. என்னைக் கேட்டால் நம் 'பசுமைப் பணி' சறுக்குவது இங்கேதான். இந்தக் குருவி சாப்பிடுவது கிளையில் இல்லை. சருகை அலகால் புரட்டி, அடியில் இருக்கும் மண்புழு, கரையான், வண்டுப் புழுவைப் பொறுக்கும். வடகிழக்குப் பருவமழை மார்கழியோடு முடிகிறது. தை பிறந்ததும் பெருக்கி வைத்த தரை சில வாரத்தில் காய்ந்து இறுகும், புழு ஆழத்துக்குப் போய்விடும், குருவியின் அலகுக்கு எட்டாது. இரண்டு மூன்று அங்குலம் சருகு கிடந்தால் அடியில் ஈரம் நிற்கும். கையால் விலக்கித் தொட்டுப் பாருங்கள், பங்குனியிலும் மண் குளிர்ச்சியாக இருக்கும்.

முந்திரித் தோப்பில் நடப்பதைப் பாருங்கள். விழும் கொட்டை கண்ணில் படவேண்டும் என்று மாசி, பங்குனியில் அடிமரம் வரை கூட்டிக் கொளுத்துகிறோம். வடக்கே கிளம்பும் முன் குருவி உடம்பில் கொழுப்பு ஏற்றவேண்டிய நேரமும் அதுவே. போதாக்குறைக்கு தேயிலைக் கொசு என்கிற சாறு உறிஞ்சும் பூச்சிக்காகத் தளிர், பூ, பிஞ்சு என்று மூன்று முறை மருந்து. விவசாயியைக் குறை சொல்லவில்லை, கொட்டை பொறுக்கித்தான் ஆகவேண்டும். கூட்டிய சருகைக் கொளுத்தாமல் வேலியோரம் ஐந்தாறு அடி அகலத்துக்குப் பரப்பிவிடுங்கள். அந்தப் பட்டையில் மருந்து படவேண்டாம். குவியலாகப் போட்டால் உள்ளே சூடேறி மக்கும், புழு தங்காது. பரப்பினால்தான் பலன்.

வீட்டில் செய்ய நினைப்பவர்கள் பின்பக்கம் ஒரு சென்ட், அதாவது 435 சதுர அடி, பெருக்காமல் விடுங்கள். பாம்பு பயம் நியாயமானது, அதனால் சுவரிலிருந்து பதினைந்து அடி தள்ளி. மா, பலா, ஆல் இலை நல்லது. தைலமர இலையும் சவுக்கு ஊசியும் வேண்டாம், மட்க நாளாகும். மேலே நிழல் இல்லாத சருகு வெறும் குப்பை, உச்சி வெயிலில் மொறுமொறுவென்று காய்ந்துவிடும். நிழலுக்குக் கீழே களா, காரை, காட்டெலுமிச்சை, காயா இவற்றை மூன்றடி இடைவெளியில் வையுங்கள். ஆவணி, புரட்டாசியில் நட்டால் மழை பார்த்துக்கொள்ளும். முதல் கோடையில் மட்டும் வாரம் இருமுறை தண்ணீர். நிறைய கன்று சாவது ஆட்டினால்தான், முள்வேலி போடாமல் நடவேண்டாம்.

கூடு கட்டப் பெட்டி மாட்டுவதும் அரிசி தூவுவதும் இதற்கு உதவாது. இங்கே அது கூடு கட்டுவதே இல்லை, தானியமும் தின்னாது. (சிட்டுக்குருவிக்குப் பெட்டி மாட்டிய கையோடு எல்லாப் பறவைக்கும் மாட்டுகிறார்கள்.)

இன்னொரு சேதாரம் கண்ணாடி. இது இரவில் பறந்து வரும் பறவை. கரையோரம் களைத்து இறங்கும்போது விளக்கும் கண்ணாடிச் சுவரும் ஏமாற்றிவிடும். ஐப்பசியில் இரவு வெளிவிளக்கை அணையுங்கள். கண்ணாடியில் ஒற்றைப் பருந்து ஸ்டிக்கர் ஒட்டினால் ஒன்றும் ஆகாது. வெளிப்பக்கத்தில் இரண்டு அங்குலத்துக்கு ஒரு புள்ளி என்று முழுக்க ஒட்டவேண்டும். பூனை இருந்தால் விடியலிலும் அந்தியிலும் உள்ளே வையுங்கள்.

மோதி விழுந்து கிடந்தால் உடனே வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழாய்க்குள் போய் செத்துவிடும். அட்டைப்பெட்டியில் காற்றுத் துளை போட்டு, துணி விரித்து, மூடி, இருட்டான இடத்தில் ஒரு மணி நேரம் விடுங்கள். அடிக்கடி திறந்து போட்டோ எடுக்க வேண்டாம். தெளிந்ததும் புதர் ஓரத்தில் பெட்டியைச் சாய்த்து வையுங்கள், தானே போகும். இறக்கை தொங்கினாலோ நிற்க முடியாவிட்டாலோ கால்நடை மருத்துவரிடம் காட்டி, வனத்துறைக்குச் சொல்லுங்கள். கூண்டில் வளர்க்க ஆசைப்படாதீர்கள், 1972 வனவுயிர் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.