ஈ வளர்த்தவர் எழுதிய சரித்திரம்

போன வாரம் இங்கே தென்னாப்பிரிக்காவில், டர்பன் பக்கத்துச் சாட்ஸ்வர்த்தில் ஒரு கல்யாணம். சாப்பிட்டு முடித்து உட்கார்ந்திருந்தபோது சொந்தக்காரப் பையன் ஒருவன், எச்சில் அனுப்பி வாங்கிய டி.என்.ஏ. முடிவை போனில் எல்லாருக்கும் காட்டிக்கொண்டிருந்தான். "நம்ம ரத்தம் சுத்தம் மாமா, கலப்பே இல்ல" என்றான். பெரியவர்கள் சந்தோஷமாகத் தலையாட்டினார்கள். எனக்கு நெஞ்சு கனத்துவிட்டது. முடியில் பென்சிலைச் செருகி, அது நிற்கிறதா விழுகிறதா என்று பார்த்து ஆளை இனம் பிரித்த நாடு இது. 1950ல் வந்த அந்த இனப்பதிவுச் சட்டம் 1991 வரை இருந்தது.

அன்று ராத்திரி எலோஃப் ஆக்சல் கார்ல்சனைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். 1931ல் நியூயார்க்கின் புரூக்ளினில் பிறந்த மரபியலாளர். எக்ஸ் கதிர் பட்டால் மரபணு மாறும் என்று காட்டி 1946ல் நோபல் வாங்கிய ஹெர்மன் முல்லரின் மாணவர். பழ ஈக்களின் 'டம்பி' என்ற மரபணுவை எடுத்து ஆராய்ந்தார். அந்த ஒரு மரபணு ஒரு விதமாக மாறினால் சிறகு நுனி வெட்டிவிட்டதுபோல் குட்டையாகும், இன்னொரு விதமாக மாறினால் முதுகுப்பக்க மயிர் சுழி போட்டு நிற்கும், வேறொரு விதமாக மாறினால் ஈ வளராமலே செத்துப்போகும். கண்ணுக்குச் சரியாகத் தெரியாத ஒரு பூச்சியிலேயே இவ்வளவு சிக்கல்!

அப்புறம் அவர் சரித்திரம் எழுத வந்தார். 1966ல் மரபணு என்ற கருத்து வளர்ந்த கதை. 1981ல் தன் ஆசிரியர் முல்லரின் வாழ்க்கை; மனித இனத்தையே மேம்படுத்தலாம் என்று முல்லர் கண்ட கனவையும் சேர்த்து எழுதினார், குருவாயிற்றே என்று மறைக்கவில்லை. 2001ல் 'தி அன்ஃபிட்', அதாவது 'தகுதியற்றவர்கள்', என்ற புத்தகம். ஏழ்மை, குடி, திருட்டு எல்லாம் பரம்பரையாக வருவது என்று நம்பி மனிதர்களைக் கழித்துக்கட்டிய கதை அது. அவர் முனைவர் பட்டம் வாங்கிய அதே இந்தியானா மாநிலத்தில்தான் 1899 முதல் ஒரு சிறை மருத்துவர் கைதிகளுக்குக் கருத்தடை அறுவை செய்துவந்தார். கட்டாயக் கருத்தடைக்கு உலகிலேயே முதல் சட்டமும் 1907ல் அங்கேதான் வந்தது. அமெரிக்கா முழுக்க 60,000 பேருக்கு மேல் இப்படி மலடாக்கப்பட்டார்கள்.

இந்தச் சரித்திரத்தை ஈ வளர்த்த கை எழுதியதுதான் எனக்குப் பெரிய விஷயம். ஒரு சிறகின் நீளத்துக்கே ஒற்றைக் காரணம் சொல்ல முடியாது என்று வருஷக்கணக்கில் பார்த்தவர், ஒரு மனுஷனின் வறுமைக்கு ரத்தத்தில் காரணம் சொன்னவர்களை விசாரிக்கிறார். வெளி ஆள் சொன்னால் அறிவியல் தெரியாதவன் என்று தள்ளிவிடலாம், இவரை அப்படித் தள்ள முடியாது. நானும் உயிரியல் பாடம் நடத்துகிறவன்தான். மெண்டலின் பட்டாணியோடு நிறுத்திக்கொள்கிறோம், அதை வைத்து மனுஷர்கள் மனுஷர்களுக்கு என்ன செய்தார்கள் என்று ஒரு மணி நேரம்கூடப் பேசுவதில்லை. அது பாதிப் பாடம்.

1860 முதல் 1911 வரை 1,52,184 பேர் இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாக இங்கே வந்தார்கள். கப்பல் பட்டியலில் ஒவ்வொருவருக்கும் ஒரு வரி: எண், பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, உயரம், உடம்பில் உள்ள அடையாளம். என் ஆயாவின் அப்பாவுக்கு 'இடது முழங்காலில் தழும்பு' என்று எழுதியிருக்கிறது. ஆளைப் பற்றி அவர்களுக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

அந்தப் பையனைச் சனிக்கிழமை வீட்டுக்கு வரச் சொல்லியிருக்கிறேன். அந்தப் பக்கத்தின் நகலையும் குட்டைச் சிறகு ஈயின் படத்தையும் மேசைமேல் எடுத்து வைத்தாயிற்று.