மகா ஓயா வெந்நீரூற்றின் அடியில் எரிமலையா?

“அம்பாறை மகா ஓயாவில் தண்ணீர் சுடுகிறது, கீழே எரிமலை விழிக்கிறது, மட்டக்களப்பு வரை ஆபத்து” என்று வட்ஸ்அப்பில் ஒரு குரல்பதிவு சுற்றுகிறது. இது பொய்.

தண்ணீர் சுடுவது உண்மைதான், சில கிணறுகளில் ஏறத்தாழ 55 பாகை செல்சியஸ். ஆனால் அந்தச் சூட்டுக்குக் கற்குழம்பு, அதாவது உருகிய பாறை, தேவையில்லை. பூமிக்குள் ஒரு கிலோமீற்றர் இறங்கினால் வெப்பம் சுமார் 25 பாகை கூடும். மழைநீர் பாறை வெடிப்புகள் வழியே ஒரு கிலோமீற்றருக்கும் கீழே போய்ச் சூடாகி, வேறொரு வெடிப்பால் மேலே வருகிறது. வரும் வழியில் கொஞ்சம் ஆறியும் விடும்.

எரிமலைக்குப் பாறை உருக வேண்டும். பூமியின் மேற்புறம் பெரும் பாறைத் தட்டுகளால் ஆனது. ஒரு தட்டு இன்னொன்றின் கீழ் அமிழும்போது, அது கொண்டுபோகும் நீர் மேலுள்ள சூடான பாறையின் உருகுநிலையைக் குறைக்கும். இந்தோனேசியாவில் நடப்பது இதுவே. தட்டுகள் விலகும் இடங்களிலும், ஆழத்திலிருந்து சூடு மேலெழும் ஹவாய் போன்ற வெப்பப் புள்ளிகளிலும் பாறை உருகும். குழம்பு மேலேறி அழுத்தம் குறைய, கரைந்திருந்த நீராவி குமிழாகிப் பொங்கும். குலுக்கிய சோடாப் போத்தலின் மூடியைத் திறந்தவருக்கு இது தெரியும்.

இலங்கை தட்டின் நடுப்பகுதியில், மிகப் பழைய பாறைமேல் இருக்கிறது. இயங்கும் எரிமலைகளில் நமக்குக் கிட்டியது அந்தமானின் பாரன் தீவு. அதுவே மட்டக்களப்பிலிருந்து சுமார் 1,400 கிலோமீற்றர். 2004 சுனாமியும் எரிமலையால் வந்ததல்ல, சுமாத்திரா அருகே கடலடி நிலநடுக்கத்தால் வந்தது.