இரட்டைக்கும் நிஜத்துக்கும் நடுவே ஒரு வால்வு

போன வாரம் ஒரு 'டிஜிட்டல் ட்வின்' டெமோவில் உட்கார்ந்திருந்தேன். ஊருக்குச் சூடுநீர் கொண்டுபோகும் குழாய் வலைக்குக் கணினியில் செய்த ஓர் இரட்டை அது. திரையில் ஊர் முப்பரிமாணத்தில் சுழன்றது. தெருவுக்கு அடியில் ஓடும் குழாய்களெல்லாம் சிவப்பும் நீலமுமாக மினுங்கின. பக்கத்தில் இருந்தவர்கள் மொபைலை எடுத்துப் படம் பிடித்தார்கள். நான் ஒன்றே ஒன்று கேட்டேன்: "மீட்டர் சொல்வதும் உங்கள் மாடல் சொல்வதும் எந்தத் தெருவில் ஒத்துப்போகவில்லை?" விற்க வந்தவர் சிரித்துக்கொண்டே, "எல்லா இடத்திலும் கச்சிதமாக ஒத்துப்போகிறது" என்றார். எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது.

ஏன் என்று சொல்ல, கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

நான் இருப்பது டென்மார்க்கில். இங்கே ஏறத்தாழ மூன்றில் இரண்டு வீடுகளில் சொந்தமாக பாய்லர் கிடையாது. எங்கோ ஓர் ஆலையில் தண்ணீரைச் சூடாக்கி, மண்ணுக்கடியில் இரட்டைக் குழாயில் அனுப்புகிறார்கள். ஒன்றில் சூடாகப் போகும். வீடுகளில் சூட்டை விட்டுவிட்டு மற்றொன்றில் ஆறித் திரும்பி வரும். ஊருக்கே ஓர் அடுப்பு. ஆங்கிலத்தில் டிஸ்ட்ரிக்ட் ஹீட்டிங். (இதைத் தயவுசெய்து 'மாவட்ட வெப்பமூட்டல்' என்று மொழிபெயர்க்காதீர்கள், கலெக்டர் ஆபீஸ்தான் ஞாபகம் வருகிறது.) டேனிஷில் 'ஃபியர்ன்வாமே', தூரத்துச் சூடு. 1973 எண்ணெய் நெருக்கடியில் ஞாயிற்றுக்கிழமை கார் ஓட்டக் கூடாது என்று சொல்லும் அளவுக்குத் திண்டாடிய நாடு இது. அந்தச் சூடு பட்டபிறகு 1979-ல் வெப்ப விநியோகச் சட்டம் வந்தது. இந்தத் தொழிலில் லாபம் வைக்கக் கூடாது என்பது இங்குள்ள விதி. மிச்சம் பிடித்தால் அது மக்களின் பில்லில் குறைய வேண்டும்.

மிச்சம் பிடிப்பதுதான் கஷ்டம். ஒரு சின்னக் கணக்கு பாருங்கள். 75 டிகிரியில் அனுப்புகிறோம், 40-ல் திரும்புகிறது, மண் 8 டிகிரி என்று வையுங்கள். குழாய்களின் சராசரிச் சூடு மண்ணைவிட 49.5 டிகிரி அதிகம். 65-ல் அனுப்பினால் அது 44.5 ஆகிறது. வழியில் மண்ணுக்குப் போகும் சூட்டில் பத்து சதவீதம் மிச்சம். சரி, குறைத்துவிட வேண்டியதுதானே? அங்கேதான் இடிக்கிறது. 35 டிகிரி வித்தியாசத்தில் கொடுத்த அதே சூட்டை இப்போது 25 டிகிரி வித்தியாசத்தில் கொடுக்க வேண்டும். தண்ணீர் 1.4 மடங்கு ஓட வேண்டும். குழாயில் அழுத்த இழப்பு கிட்டத்தட்ட இரண்டு மடங்கு, பம்பின் மின்சாரம் இரண்டே முக்கால் மடங்கு. கடைசித் தெருவில் இருப்பவர் குளிர்ந்த நீரில் குளித்துவிட்டு போன் போடுவார்.

இன்னொரு தொல்லை, நேரம். பம்பை முடுக்கினால் அந்த அழுத்தம் ஆறு கிலோமீட்டர் தாண்டிச் சில நொடிகளில் போய்ச் சேர்ந்துவிடும். சூடு அப்படி இல்லை, தண்ணீரோடுதான் நடந்து போக வேண்டும். நொடிக்கு ஒரு மீட்டர் என்றால் 100 நிமிடம். காலை ஆறரைக்கு ஊரே குளிக்கும் என்றால் ஐந்து மணிக்கு முன்பே சூடு கிளம்பியிருக்க வேண்டும். கோடையில் தண்ணீர் இன்னும் மெதுவாக நகரும். இதையெல்லாம் அந்தக் காலத்தில் கன்ட்ரோல் ரூம் ஆட்கள் அனுபவத்தில் செய்தார்கள். பயத்தில் எப்போதும் நாலைந்து டிகிரி கூடுதலாகவே அனுப்பினார்கள்.

டிஜிட்டல் ட்வின் என்பது இந்த வலையின் நகலைக் கணினிக்குள் வைத்துக்கொள்வது. ஒவ்வொரு குழாயின் நீளம், விட்டம், மேலுறை, வால்வு எல்லாம் அதில் இருக்கும். வீட்டு மீட்டர்களின் மணிக்கணக்கு அளவும் நாளைய வானிலையும் உள்ளே போகும். எந்தத் தெருவில் எத்தனை மணிக்கு எத்தனை டிகிரி என்று அது சொல்லும். புதிய காலனிக்கு இணைப்புக் கொடுத்தால் பழைய குழாய் தாங்குமா என்பதைத் தோண்டாமலே பார்த்துக்கொள்ளலாம். நல்ல சாமான்தான், குறையில்லை.

இப்போது என் கதை. சில வருடங்களுக்கு முன் ஒரு சிறிய ஊரின் மாடலை நான் சரிக்கட்டிக்கொண்டிருந்தேன். ஓர் ஓரத்தில் அழுத்தம் மாடல் சொன்னதைவிட ரொம்பக் குறைவாக வந்தது. டெலிவரி தேதி நெருங்கிவிட்டது. குழாயின் உட்புறச் சொரசொரப்பைக் கூட்டினால் மாடலிலும் அழுத்தம் இறங்கும். 0.1 மில்லிமீட்டர் என்று இருந்ததை 3 ஆக்கினேன். மாடலின் கோடும் மீட்டரின் கோடும் ஒன்றின்மேல் ஒன்று படுத்துக்கொண்டன. அறிக்கையில் 'மிகச் சிறந்த பொருத்தம்' என்று எழுதினேன், கைதட்டலும் வாங்கினேன். 3 மில்லிமீட்டர் என்றால் குழாய்க்குள் ஜல்லி ஒட்டியிருக்க வேண்டும் என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை.

ஒரு குளிர்காலம் முழுக்க பம்ப் மூச்சு வாங்கியது. அப்புறம் ஒரு நாள் காபி குடிக்கையில் அந்த ஊரின் பழைய ஆபரேட்டர் என் திரையை எட்டிப் பார்த்தார். அறுபதைத் தாண்டியவர். இங்கே எல்லாரும் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். நானும் அப்படியே கூப்பிட்டுவிட்டு மனசுக்குள் ஓர் 'அண்ணன்' சேர்த்துக்கொள்வேன். "இந்த மூலையில் லீக் அடைத்தோமே, அப்போது வால்வை மூடினோம்" என்றார். சட்டைப் பையிலிருந்து எண்ணெய்க் கறை படிந்த ஒரு நோட்டை எடுத்துப் புரட்டினார். மூடியது எழுதியிருந்தது. திறந்தது எழுதவில்லை. போய் மூடியைத் தூக்கிப் பார்த்தால், பன்னிரண்டு சுற்றுத் திறக்க வேண்டிய வால்வு ஐந்தில் நிற்கிறது.

மாடல் அதை முதல் நாளே சொல்லிவிட்டது. அதன் வாயை அடைத்தவன் நான்.

அதனால்தான் சொல்கிறேன், நகலும் நிஜமும் ஒத்துப்போகாத இடத்துக்குத்தான் நாம் காசு கொடுக்கிறோம். அதை மழுப்பிவிட்டால் மிஞ்சுவது அழகான வீடியோ கேம். இப்போது ஏஐ என்று வேறு கிளம்பியிருக்கிறார்கள். ஸ்வீடனில் ஹால்ம்ஸ்டாட் பல்கலைக்கழகத்தின் ஹென்ரிக் காட், ஸ்வென் வெர்னர் இருவரும் 135 கட்டடங்களின் இணைப்புகளை ஆராய்ந்து 2015-ல் வெளியிட்டார்கள். ஏறக்குறைய முக்கால்வாசியில் ஏதோ ஒரு கோளாறு. அந்த அளவுகளை அப்படியே ஊட்டி வளர்த்தால் இயந்திரம் கோளாறையே வழக்கம் என்று கற்றுக்கொள்ளும். கணிப்பும் துல்லியமாகவே இருக்கும், அதுதான் வேடிக்கை.

கோளாறு என்றதும் பெரிய இயந்திரமாக நினைக்க வேண்டாம். நம் ஆட்கள் வீடுகளிலேயே பார்க்கிறேன். காசு மிச்சம் என்று எல்லா ரேடியேட்டரையும் அடைத்துவிட்டு ஹாலில் ஒன்றை மட்டும் முழுசாகத் திறந்து வைப்பார்கள். அந்த ஒன்றில் தண்ணீர் விறுவிறுவென ஓடி, ஆறாமலே திரும்பிப் போகும். சூடாகத் திரும்பினால் பல ஊர்களில் பில்லில் தனியாகத் தீட்டிவிடுவார்கள். எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சம் திறந்து வையுங்கள். ரேடியேட்டர் மேலே சூடாகவும் கீழே சில்லென்றும் இருந்தால் ரிப்பேர்காரரைக் கூப்பிடாதீர்கள், அப்படித்தான் இருக்க வேண்டும்.

அடுத்த டெண்டரில் ஒரு வரி சேர்க்கச் சொல்லிக் கேட்டிருக்கிறேன்: மென்பொருளைத் திறந்தால் முதல் பக்கத்தில் ஊர்ப்படம் வேண்டாம், மாடலும் மீட்டரும் முரண்படும் இடங்களின் பட்டியல் வர வேண்டும். யாராவது ஓர் எண்ணைக் கையால் மாற்றினால் பெயரும் காரணமும் அதில் நிற்க வேண்டும். "பயனருக்கு அசிங்கமாகத் தெரியும்" என்று ஒருவர் மெயில் போட்டிருக்கிறார்.

ஆபரேட்டர் வருகிற ஏப்ரலில் ஓய்வு பெறுகிறார். அவருடைய நோட்டை நானும் அவரும் வெள்ளிக்கிழமை மதியங்களில் உட்கார்ந்து டைப் செய்கிறோம். இன்னும் நாற்பது பக்கம் இருக்கிறது. அவர் கையெழுத்து அவருக்கே சில இடத்தில் புரிவதில்லை.